சவரிமுத்து நெஞ்சுக்கு முன்னால ஒரு குண்டு

என்ற கடைக்கு டீ குடிக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு செத்தவங்கதானுங்க. பயந்துக்காதீங்க. எதுத்தாப்புல நிக்குதே பழைய நூல் மில்லு, அதுக்குள்ளதான் ஞாயித்துக்கிழமையானா கேஸ் துப்பாக்கி ஆட்டம். நெசத் துப்பாக்கி இல்லீங்க, பாக்கறதுக்கு மட்டும் பட்டாளத்துல வெச்சிருக்கறதாட்டமே இருக்கும், உள்ளார கேஸை அடைச்சு விசையை இழுத்தா சின்னப் பட்டாணி கணக்கா ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு சர்ருன்னு போயி எதுத்தாளு மேல படும், பட்டவன் செத்தவன், அவன் ஒரு கையைத் தூக்கிட்டு வெளிய நடந்து வந்து, அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கற வரைக்கும் என்ற பேக்கரியில தேங்கா பன்னைத் தின்னுட்டு உக்காந்திருக்கோணும். எங்கூரு காரைமேட்டுல இப்படி எத்தனை செத்தவங்களுக்கு நான் டீ ஆத்தியிருக்கறேன்னு எனக்கே தெரியாது.

இந்த ஆட்டத்துல ஒரு வேடிக்கை பாருங்க. சாயம் தெறிக்கற ஆட்டம் வேற, அதுல சட்டையில கறை நிக்கும், பொய் சொல்ல முடியாது. இதுல குண்டு பட்டா ஒரு அடையாளமும் இருக்காது, தோல்ல சுருக்குங்கும், அவ்வளவுதான், அது பட்டவனுக்கு மட்டுந்தான் தெரியும். அதனால சுட்டவன் "உனக்குப் பட்டுருச்சு"ன்னு சொல்லவே கூடாது. பட்டவன்தான் தன் வாயால சொல்லோணும். டவுனுப் பசங்க அதை இங்கிலீசுல "ஹிட்டு"ன்னு கத்துவாங்க. எங்கூருப் பசங்க பாத்தாங்க, அதென்ன ஹிட்டு குட்டுன்னு, "பட்டுச்சு"ன்னு மாத்திப்புட்டாங்க. அப்பறம் டவுனுக்காரங்களும் அதையே பழகிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல மில்லுக்குள்ள இருந்து "பட்டுச்சு, பட்டுச்சு"ன்னு சத்தம் வந்துட்டே இருக்கும், புதுசா வர்ற பஸ் டிரைவருங்க எட்டி எட்டிப் பாப்பாங்க.

மில்லு மகுடேஸ்வரனோடது, அவங்கப்பன் காலத்துலயே நின்னுபோன மில்லு. துப்பாக்கி எல்லாம் சவரிமுத்துவோடது. இடம் அவனுது, வித்தை இவனுது, ஆட்டம் ரெண்டு பேருத்தோடதும். ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, "டேய் மகுடு", "டேய் சவரி"ன்னுதான் பேச்சு, அவனைக் காணோமுன்னா இவன் ஊட்டுல பாக்கோணும், இவனைக் காணோமுன்னா அவன் ஊட்டுல பாக்கோணும். மகுடு பொண்டாட்டியும் சவரி பொண்டாட்டி பிலோமினாவும் என்ற கடையிலயே சொல்லிச் சிரிப்பாளுக, இவனுக ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கட்டியிருக்கலாம், நாம தப்பிச்சிருப்போமுன்னு.

துப்பாக்கி எடுக்க வர்றவங்க செவுத்துல எது பெருசாத் தொங்குதோ அதைத்தான் மொதல்ல கைகாட்டுவாங்க. சவரி எடுத்துக் குடுக்க மாட்டான். "கொஞ்சம் நடந்து காட்டுங்க"ம்பான். நடையைப் பாத்துட்டு, பதறி ஓடற ஆளுக்குக் குட்டைத் துப்பாக்கி, ஒளிஞ்சு படுத்துக் காத்திருக்கற ஆளுக்கு நீளத் துப்பாக்கின்னு அவனே எடுத்துக் குடுப்பான். குறி பாக்கற கண்ணாடி வேணும், டார்ச்சு வேணும், முன்னால ஒரு குழாய் வேணுமுன்னு கேக்கற ஆளுகளும் வருவாங்க. "இத்தனையும் மாட்டுனீங்கன்னா கல்யாணப் பொண்ணாட்டம் நிக்கத்தான் முடியும், ஓட முடியாதுங்க"ன்னு சிரிச்சுட்டே கழட்டி வெச்சுருவான். கேஸுக்கு வெயிலு ஆகும், குளிரு ஆகாது. மார்கழியில பொசுக்குன்னு போயி குண்டு பாதியிலயே விழுகும், சித்திரையில பாஞ்சு போயி தோலைப் பேத்துரும். அதனால குளிர்காலத்துல துப்பாக்கிக்குள்ள சொருகற கேஸ் பொட்டியைச் சட்டைக்குள்ள வெச்சுச் சூடு பண்ணிக் குடுப்பான், வெயில் காலத்துல ஈரச்சாக்கு போட்டு மூடி, குண்டையும் கனமானதா மாத்திருவான். எல்லாத்துக்கும் மேல, குழாய்க்குள்ள ஒரு சின்ன ரப்பரு இருக்குதுங்க, குண்டு போறப்ப அதோட தலையை லேசாத் தடவிப் பின்பக்கமாச் சுத்திவிடும், அந்தச் சுத்துலதான் குண்டு கீழ எறங்காம நேராப் போகும். தடவறது கூடுனா வானத்துக்கு ஏறிரும், கொறஞ்சா மண்ணைக் கவ்வும். அந்த ரப்பரைத் திருகறப்ப மட்டும் சவரி யாருகிட்டயும் பேச மாட்டான்.

ஆவணி மாசம்னு நெனைக்கறேன், கோயமுத்தூர்ல இருந்து ஒரு பெரிய மனுசன் கேமராக்காரங்களோட கார்ல வந்து எறங்குனாரு. இதே மாதர அங்கயும் பெருசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறாராம். மகுடு வெள்ளை வேட்டி கட்டிட்டு அவரைச் சுத்திக் காட்டறான், நானும் டீ டம்ளர்களோட பின்னாடியே போறேன். சவரி ஓரத்துல குத்தவெச்சு, பொட்டியைத் தலைகீழாப் புடிச்சுக் கேஸ் அடைச்சுட்டு இருந்தான். அந்தப் பெரிய மனுசன் அவனைப் பாத்துட்டு, "இவரு யாருங்க?"ன்னு கேட்டாரு. மகுடு திரும்பிக்கூடப் பாக்காம, "அதுங்களா, நம்மகிட்ட இருக்கற பையனுங்க"ன்னுட்டான்.

பையனாம்! நாப்பதைத் தாண்டி, காதோரம் நரைச்சு, மூத்த பொண்ணு நர்சுக்குப் படிச்சுட்டு இருக்கற மனுசன். சவரி நிமிந்து பாக்கலை. கேஸு புஸ்ஸுன்னு வெளிய வழிஞ்சுது, அதைத் தொடச்சுட்டு அடுத்த பொட்டியை எடுத்தான். சாயங்காலம் எல்லாரும் போனப்பறம், நான் டம்ளரு பொறுக்கிட்டு இருக்கறப்ப, மகுடு தலையைச் சொறிஞ்சுட்டே அவன்கிட்ட வந்தான். "டேய் சவரி, அது வந்து, ஏதோ வாய் தவறி..."ன்னு ஆரம்பிச்சான். சவரி முழுசாச் சொல்லவே உடலை. "அட, அதுல என்ன இருக்குதுங்க, எனக்கொண்ணும் படலைங்க"ன்னான்.

இருக்குதுங்க, படலைங்க. அந்த "ங்க"வைக் கேட்டு மகுடு மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து "டா" போட்ட வாயி. அன்னைக்கிருந்து சவரி ஒரு நாள் லீவு போடலை, ஒரு வேலையைக் கொறைக்கலை, கோவமா ஒரு வார்த்தை பேசலை. "சொல்லுங்க", "சரிங்க", "வர்றேனுங்க", அவ்வளவுதான். திட்டியிருந்தாக் கூட மகுடு தின்னுட்டுத் தூங்கியிருப்பான்.

அடுத்த ஞாயித்துக்கிழமைதான் குண்டு நின்னுது. சவரி கறுப்புத் துப்பாக்கி ஒண்ணுக்கு ரப்பரு மாத்தி வெச்சிருந்தான், அதை எடுத்துட்டுப் போன பையன் முதுகு காட்டி நின்ன காலேஜ் பையன் தோளுல சுட்டான். சுடுபட்ட பையன் "படலை, படலை"ன்னு ஓடுனான். குண்டு கீழ விழுகாம, அவன் தோளுக்கு ஒரு சாண் பின்னால காத்துலயே நின்னு, அவன் ஓடறப்ப ஓடி, நின்னப்ப நின்னு, கூடவே போச்சு. எல்லாரும் பாத்தாங்க. அவனும் திரும்பித் திரும்பிப் பாத்தான், கையால தட்டிப் பாத்தான், ம்ஹூம். கடைசியில வெக்கப்பட்டுட்டு, "சரி, பட்டுச்சு"ன்னான். குண்டு டொக்குன்னு விழுந்துருச்சு. அவன் கையைத் தூக்கிட்டு வந்து என்ற கடையில பன்னு தின்னான், நானும் கூடக் கொஞ்சம் சக்கரை போட்டு டீ குடுத்தேன்.

ஏன் எதுக்குன்னு எங்கூர்ல ஒருத்தரும் கேக்கலீங்க. மழை வந்தாக் கொடை புடிக்கறோம், ஏன் பேஞ்சுதுன்னா கேக்கறோம்? கறுப்புத் துப்பாக்கியில சுட்டா, பட்டதை ஒத்துக்கற வரைக்கும் குண்டு கூடவே நிக்கும், அவ்வளவுதான் சங்கதின்னு ஏத்துக்கிட்டு அவங்கவங்க சோலியைப் பாக்கப் போனாங்க. சோலின்னா எப்படிப்பட்ட சோலி! ஊரே ஆட்டம் ஆட வந்துருச்சு. மாமியா மருமக ரெண்டும் கண்ணாடி மாட்டிட்டு உள்ள போவாளுக, மருமக பொட்டுன்னு ஒண்ணு போட்டுட்டு, "ஏனுங்கத்தை, பட்டுச்சுங்களா?"ம்பா. அந்தம்மா "எனக்கென்னடி படறது"ன்னு வீம்பா வெளிய வரும், காதோரம் ஒரு குண்டு ஜிமிக்கியாட்டம் ஆடிட்டே வரும். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரு "இதெல்லாம் ஏமாத்து வேலை"ன்னு தானே முன்னால நின்னு சுடச் சொன்னாரு, படலைன்னும் சொன்னாரு, தொப்பிக்குக் கீழ குண்டோட ஜீப்புல ஏறிப் போனாரு. மாத்தலாகிப் போன ஊர்லயும் அது கூடவே இருக்குதுன்னு பேச்சு. சலூன்காரரு குண்டைச் சுத்திக் கிராப்பு வெட்டப் பழகிட்டாரு. மாப்பிள்ளை பாக்க வர்றவங்க ஜாதகத்தை மடியில வெச்சுட்டு, பையன் முதுகுப் பக்கம் நைசா ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாங்க. குண்டோட இருக்கற பையன்னா வீம்புக்காரன், வேண்டாம்னுட்டாங்க.

எனக்கும் ஒண்ணு இருந்துச்சுங்க, சொல்றதுக்கென்ன. என்ற நாத்தனா ஒரு தடவை விருந்துக்கு வந்த ஒறம்பரைங்க முன்னாடி, "அண்ணி சுடற பன்னை அடுக்கி ஊடு கட்டலாம்"னு சொல்லிச் சிரிச்சா, நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அவளே தீவாளிக்கு வந்தப்ப, விளையாட்டுக்கு என்னைச் சுட்டா. குண்டு என்ற மூக்குக்கு நேரா வந்து நின்னுக்குச்சு. கல்லாவுல ஒரு மனுசி மூக்குக்கு நேரா குண்டை வெச்சுட்டு எப்படியுங்க வியாபாரம் பண்றது? "பட்டுச்சுடி, அன்னைக்கு நீ பன்னைச் சொன்னது நெம்பப் பட்டுச்சு"ன்னேன். குண்டு டீத்தூளு டப்பாவுல விழுந்துது. அவ அழுதுட்டா. அதுக்கப்பறம் எங்களுக்குள்ள ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கறோம்.

இதையெல்லாம் பாத்துட்டுத்தான், சவரியையும் இப்படி வாயைத் தொறக்க வெச்சரலாமுன்னு மகுடுவுக்கு யோசனை வந்துது. கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை, கறுப்புத் துப்பாக்கியை அவனே எடுத்துட்டுப் போயி, நூல் மூட்டை அடுக்கற மேடை மறைவுல நின்னுட்டு இருந்த சவரியை நேருக்கு நேராச் சுட்டான். நெஞ்சுல இடது பக்கம். ஆட்டம் ஆடிட்டு இருந்த அத்தனை பேரும் துப்பாக்கியை எறக்கிட்டுத் திரும்பிப் பாத்தாங்க. சவரி குனிஞ்சு பாத்தான். ஒரு சாண் முன்னால குண்டு நிக்குது.

"படலைங்க"ன்னான்.

அப்படியே நின்னுருச்சு. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, பொங்கலும் போச்சு. எனக்கு எதையும் நோண்டிப் பாக்காட்டித் தூக்கம் வராது, அவன் டீ குடிக்க வர்றப்பெல்லாம் அதைப் பாத்துட்டே இருப்பேன். ஊதிப் பாத்தேன், அசையலை. நூலைச் சுத்தி இழுத்துப் பாத்தேன், நூலுதான் அந்துச்சு. வண்டியில எம்புட்டு வேகமாப் போனாலும் அதே ஒரு சாண். குளிக்கறப்ப நனையுமாம், தொடச்சா காயுமாம். ஒரு சிலந்தி அவன் சட்டைக் காலருக்கும் குண்டுக்கும் நடுவால வலை கட்டிப்போட்டுது, பாவம், பிலோமினா தினமும் காத்தால அதைப் பிச்சு உட்டா, மறுநா மறுபடியும் கட்டியிருக்கும். சர்ச்சுல அவன் நன்மை அப்பம் வாங்கப் போனப்ப ஃபாதர் குண்டைப் பாத்தாரு, அவனைப் பாத்தாரு, கையை வளைச்சு வாயில குடுத்தாரு. அவனைக் கட்டிப்புடிக்க வந்த பிள்ளைங்க வலது பக்கமாச் சாஞ்சு கட்டிப்புடிக்கப் பழகிருச்சுங்க.

பாக்கற எல்லாரும் அவனைச் சொல்லச் சொன்னாங்க. "சொல்லிப்போடு சவரி, ஒரு வார்த்தைதான்"னு பால்காரரு சொன்னாரு. "வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு நானே கேட்டேன். சிரிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போவான். கறுப்புத் துப்பாக்கிக்கு அப்பவும் அவன்தான் எண்ணெய் போட்டான்.

மகுடு பாதியா எளைச்சுட்டான். ஒரு நாள் கடை பெஞ்சுல வந்து தொப்புன்னு உக்காந்தான்.

"சுலோச்சனாக்கா, நான் என்னதான் பண்றது? படலைங்கறவன்கிட்டப் போயி எப்படிக்கா மன்னிப்புக் கேக்கறது? எதுக்குன்னு கேப்பானே?"

"நேரா கேளேன்."

"கேக்காம இருப்பனா? வாயைத் தொறந்தாலே, 'அட உடுங்க'ங்கறான். உடுங்கவாம்! அந்த 'ங்க' ஒவ்வொண்ணும் எனக்குத்தான் குத்துதுக்கா. எனக்கு அவனை உட்டா யாரு இருக்கறாங்க? ஊர்ல எல்லாரும் என்னைய வாங்க போங்கங்கறாங்க. அவன் ஒருத்தன்தான் டா போட்டான்." அப்படியே கண்ணைத் தொடச்சுட்டான், பெரிய பண்ணையம் பாக்கற மனுசன், பன்னு தட்டு முன்னால.

எனக்கு மனசு கேக்கலை. "மகுடு, ஒண்ணு சொல்றேன் கேளு"ன்னேன். "நீ யாரு முன்னாடி சொன்னே? அந்தக் கேமராக்காரங்க முன்னாடி. மன்னிப்பை மட்டும் மறைவுல கேட்டா?"

மாசி மாசம் அந்தக் கோயமுத்தூர்க்காரரு திரும்பவும் வந்தாரு, மகுடுதான் வரச் சொல்லியிருந்தான். ஞாயித்துக்கிழமை, பளீர்னு வெயிலு, ஆட வந்தவங்க நெறையப் பேரு, நானும் கடையை அப்படியே போட்டுட்டு ஓடுனேன். மகுடு நடுவால வந்து நின்னு, கையில இருந்த துப்பாக்கியைக் கீழ வெச்சான்.

"ஏனுங்க, போன தடவை வந்தப்ப இவரு யாருன்னு கேட்டீங்கல்ல? நான் பையன்னு சொன்னேன். பொய்யிங்க. இவன் என்ற கூட்டாளி. இந்தக் கிரவுண்டுல பாதி இவனுது. இவன் இல்லைன்னா இது வெறும் இடிஞ்ச மில்லு. உங்க முன்னாடி நான் பெருசாத் தெரியோணும்னு இவனைச் சின்னதாக்கிட்டேன். அன்னைக்கு எனக்கு அந்தக் கெட்ட புத்தி இருந்துச்சு." அப்பறம் சவரி பக்கம் திரும்புனான். "சுட்டவன் சொல்லக் கூடாது, நம்ம விதி, எனக்குத் தெரியும். கேக்கவாவது செய்யலாமுல்ல? பட்டுச்சாடா?"

சவரி குண்டையே பாத்துட்டு நின்னான்.

"பட்டுச்சுங்க."

குண்டு டொக்குன்னு சிமெண்டுத் தரையில விழுந்து உருண்டு போச்சு. ஊரே கைதட்டுச்சு, விசிலடிச்சுது, ஒரு பையன் என்னையக் கட்டிப்புடிச்சுட்டான். மகுடு ரெண்டு கையையும் விரிச்சுட்டு ஓடி வந்தான். சவரி ஒரு எட்டுப் பின்னால போனான்.

"நெம்பப் பட்டுச்சுங்க. தூங்கி எந்திரிச்சாலும் அதுதானுங்க காதுல கேக்குது. ஏன் சொல்லலைன்னு கேட்டீங்கல்ல? பட்டுச்சுன்னு சொன்னா வெளிய போகோணுமுங்களே. எனக்குப் போக மனசில்லைங்க. அதுக்குத்தான் படலைன்னே சொல்லிட்டு இருந்தேன். ஊரே சேந்து சொல்ல வெச்சுட்டீங்க."

சொல்லிட்டு வலது கையைத் தூக்குனான், தூக்குனபடியே நடந்து போனான்.

கைதட்டல் அப்படியே அமந்துபோச்சுங்க. நாங்கெல்லாம் ஒரு வார்த்தைதான், ஒரு வார்த்தைதான்னு அவனை நச்சரிச்சமே, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா ஆளு உள்ள இருக்க முடியாதுங்கறதை, வாராவாரம் செத்தவங்களுக்கு டீ ஆத்தற நான்கூட யோசிக்கலையே! பின்னாடியே ஓடுனேன். கேட்டைத் தாண்டுனான், என்ற கடைப் பக்கம் திரும்பவே இல்லை, நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போயி நின்னான். கையை எறக்கலை. "சவரி, கடைக்கு வா சாமி, ஒரு டீ குடிச்சுட்டுப் போ"ன்னு கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டுனான். கண்ணுல தண்ணி வழிஞ்சுட்டு இருந்துச்சு, அதைத் தொடைக்கக் கூட கையை எறக்கலை.

மகுடு வேட்டி தடுக்கத் தடுக்க வெளிய வந்தான். கேட்டுல ஒரு நிமிசம் நின்னான். அப்பறம் அவனும் வலது கையைத் தூக்குனான். "எனக்கும் பட்டுச்சு"ன்னான், யாரைப் பாத்துச் சொன்னான்னு தெரியலை. நடந்து வந்து, சவரி பக்கத்துல, ரெண்டு முழம் தள்ளி நின்னுக்கிட்டான். வெயில்ல ரெண்டு ஆம்பளைங்க ரோட்டைப் பாத்துக் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க.

அவிநாசி பஸ்ஸு வந்துது. எங்கூரு ஸ்டாப்புல அது நிக்கற பஸ்ஸே இல்லீங்க. ரெண்டு கை தூக்குனதைப் பாத்துட்டு டிரைவரு என்னமோ ஏதோன்னு கிறீச்சுனு பிரேக்கு போட்டுட்டாரு. கண்டக்டரு எட்டிப் பாத்து, "அதான் நிறுத்தியாச்சில்ல, கையை எறக்குங்கய்யா! யாரு ஏறறது, ஒருத்தரா, ரெண்டு பேரா?"ன்னு கத்துனாரு. சவரி படியில ஏறி நின்னான். மகுடு கீழயே நிக்கறான், தூக்குன கை தூக்குனபடி, ஏறவும் தெரியாம, திரும்பவும் தெரியாம. கண்டக்டரு விசிலை வாயில வெச்சுட்டாரு. சவரி அவரைப் பாத்து "இருங்க"ன்னான். அப்பறம் குனிஞ்சு, கீழ நின்னவனைப் பாத்து, மூக்கை உறிஞ்சுட்டுச் சொன்னான்:

"ஏறித் தொலைடா."